ஆரிஃபா டீச்சரும் ருசி பார்க்காத சமையல்காரரும்

ஆரிஃபா டீச்சரிடம் படித்தவர்கள் யாரும் ஆங்கில இலக்கணத்தில் புலியானதாகத் தகவல் இல்லை. ஆனால் அவளிடம் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தவர்களும் இல்லை. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடை, அதற்கு மேலே ஓர் அறை. நாலு பெஞ்ச், ஒரு வெள்ளைப் பலகை, சுற்றும்போதெல்லாம் முனகுகிற ஒரு மின்விசிறி. சாயங்காலம் அங்கே போனால் பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட "ஐ ஆம், யூ ஆர்" என்று தெருவுக்குக் கேட்கக் கத்திக்கொண்டிருப்பார்கள். கீழே ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களுக்கே அரைகுறையாக இங்கிலீஷ் வந்துவிட்டது என்று கடைக்காரர் சொல்வார்.

பாலக்கரையில் பிறந்து பாலக்கரையிலேயே வாழ்க்கைப்பட்டவள் அவள். அத்தா மீரானுக்குப் பெரிய கடை வீதியில் குடைக்கடை. மழை பெய்தால் கடை நிறையும், பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம்தான் மகளை இங்கிலீஷ் படிக்க வைப்பது என்று முடிவு செய்தாராம். ஆரிஃபா நன்றாகத்தான் படித்தாள். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினாள். ஆனால் ஒரு நாள் ஜங்ஷனில் வெளிநாட்டுப் பெண் ஒருத்தி மதுரை வண்டி எந்தப் பிளாட்பாரம் என்று கேட்டபோது, பட்டம் வாங்கியவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கையை நீட்டிக் காட்டினாள். அதுவும் தப்பான பிளாட்பாரம். அந்தப் பெண் வண்டியைப் பிடித்தாளா விட்டாளா என்ற கவலை ஆரிஃபாவுக்கு இன்றைக்கும் உண்டு.

அதற்கப்புறம்தான் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். நம் ஆட்களுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை, கூச்சம்தான் தொண்டையை அடைக்கிறது. கூச்சம் போக வேண்டுமானால் யோசிக்காமல் பேச வேண்டும். ஆகவே அவள் வகுப்பில் ஒரே ஒரு சட்டம். "சரியோ தப்போ, நிஜமோ பொய்யோ, வாக்கியத்தை முழுசாச் சொல்லிடுங்க." அவள் கணவன் உஸாமா பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். வீட்டில் கத்துவதைவிட ஸ்ரீரங்கத்தில் போய்க் கத்தினால் எல்லோருக்கும் நல்லது என்று கேலி செய்தபடியே அந்த வெள்ளைப் பலகையைத் தோளில் சுமந்து மாடியேற்றியவன் அவன்தான். தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, காவிரிப் பாலத்தில் முகத்துக்குக் காற்று வாங்கிக்கொண்டு அவள் வந்து சேருவாள்.

அவளுக்கு ரொம்பப் பிடித்த பாடம் புலன்களின் பாடம். லுக், சவுண்ட், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல். தமிழில் நாம் எல்லாவற்றையும் பார்த்தே தீர்த்துவிடுகிறோம். உப்புப் பார்க்கிறோம், தொட்டுப் பார்க்கிறோம், மோந்து பார்க்கிறோம், கேட்டும் பார்க்கிறோம். இங்கிலீஷ்காரனோ கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சொல் வைத்திருக்கிறான். இதைச் சொல்லிக்கொடுக்க ஆரிஃபா ஒரு துணிப்பை நிறையச் சாமானோடு வருவாள். பெருங்காய டப்பா, உப்புத்தாள், சாம்பிராணி, ஓர் ஊதல், நார்த்தங்காய் ஊறுகாய். ஒவ்வொன்றும் பெஞ்ச் பெஞ்சாகப் போகும். கையில் வாங்கியவர் மோந்தோ தடவியோ நாக்கில் வைத்தோ ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். பை காலியானதும் கற்பனையில் இறங்கிவிடுவார்கள். ஆட்டோ ஓட்டும் செந்தமிழன் எழுந்து நின்று, "மை ஒய்ஃப் லுக்ஸ் பியூட்டிஃபுல்" என்பான். அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. வகுப்பு சிரிக்கும், ஆரிஃபா கைதட்டுவாள்.

இந்த வகுப்புக்குத்தான் தீபாவளி முடிந்த கையோடு மணவாளன் வந்து சேர்ந்தார். நாற்பத்தெட்டு வயது, நெற்றியில் திருமண், பேசும்போது தரையைப் பார்க்கிற சுபாவம். கீழ அடையவளஞ்சான் தெருவில் வீடு. கல்யாணம், சீமந்தம் என்று எடுத்து நடத்துகிற ஒரு காண்ட்ராக்டரிடம் சமையல் வேலை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் புதிதாகப் பெருமாள் கோயில் கட்டியிருக்கிறார்களாம். அதன் மடப்பள்ளிக்கு இவரைக் கேட்டிருந்தார்கள். ஆனால் விசாவுக்கு முன்னால் ஒரு தேர்வு உண்டு. வீடியோவில் சமைத்துக் காட்ட வேண்டும், சமைத்துக்கொண்டே என்ன செய்கிறோம் என்பதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். பார்க்கிறவர் அந்த ஊர் வெள்ளைக்காரச் சமையல்காரர்.

"எதுக்கு சார் இவ்வளவு தூரம் போகணும்?" என்று ஆரிஃபா முதல் நாளே கேட்டாள். எல்லோரிடமும் அவள் கேட்கிற கேள்வி அது.

"இங்க மனுஷாளுக்குத்தான் பண்றேன் டீச்சர். மாப்பிள்ளை ஆத்துக்காரா காரம் ஜாஸ்தின்னுவா, பொண்ணாத்துக்காரா கம்மின்னுவா. அங்க போனா மடப்பள்ளி முழுக்க என் கையில. பெருமாளுக்குன்னே பண்ணலாம். சின்ன வயசுலேர்ந்து அது ஒண்ணுதான் ஆசை. ஆனா எங்க குடும்பத்துக்கு இருந்த மடப்பள்ளி முறை தாத்தாவோட முடிஞ்சு போச்சு, இங்க எனக்கு அது கிடைக்காது."

இதைச் சொல்லும்போதும் அவர் தரையைத்தான் பார்த்தார். ஆரிஃபாவுக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துப்போனது. எப்படியாவது இவரைக் கப்பல் ஏற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். விமானம்தான், இருந்தாலும் அவள் மனசில் கப்பல்தான் வந்தது.

தேர்வு தை மாதம் என்றார்கள். மார்கழி முழுக்க வைகுண்ட ஏகாதசித் திருவிழாக் கூட்டத்துக்குச் சமைக்கிற வேலை மணவாளனை நெருக்கியது, வகுப்புக்குப் பாதி நாள் வரவில்லை. கடைசியில் நேரம் போதவில்லை. ஆரிஃபா அவருக்கு வாக்கியங்களை வரிசையாக மனப்பாடம் செய்யக் கொடுத்துவிட்டாள். பொங்கல் வெந்ததும் "இட் லுக்ஸ் குட்", நெய் விட்டதும் "இட் ஸ்மெல்ஸ் குட்", முடிவில் "இட் டேஸ்ட்ஸ் குட்". மணவாளன் முதல் இரண்டையும் ஒப்பித்தார். மூன்றாவதில் நின்றார்.

"இந்தக் கடைசி ஒண்ணு வேண்டாமே டீச்சர்."

"ஏன் சார்?"

"நான் ருசி பார்க்கறதில்லையே. பெருமாளுக்குப் படைச்சுக் கண்டருளப் பண்றதுக்கு முன்னாடி நாக்குல வைக்கக் கூடாது. மணம் தானா வந்தா வரட்டும், மூக்கைக் கிட்டக் கொண்டு போகக் கூடாது. அப்புறம் எப்படி டேஸ்ட் நன்னா இருக்குன்னு சொல்றது?"

ஆரிஃபா சிரித்தாள். "சார், செந்தமிழனுக்குப் பொண்டாட்டி இருக்கா? அவன் சொல்லலையா? இது சும்மா வாக்கியம்தான். கேட்டா டக்குனு சொல்லிடுங்க."

டீச்சர் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன. மணவாளன் தலையாட்டினார்.

தேர்வு நடந்தது. பொங்கலை இறக்கி வைத்துவிட்டு, கை கட்டி நின்று, மூன்று வாக்கியத்தையும் பிசிறில்லாமல் சொன்னார். மறுமுனையில் இருந்தவர் கேட்டாராம், "நீங்கள் எப்போது ருசி பார்த்தீர்கள்?" மணவாளன் பொங்கலைப் பார்த்தார். அவர் மறுபடியும் கேட்டிருக்கிறார். மணவாளன் தரையைப் பார்த்தார். தேர்வாளர் கெட்ட மனிதர் இல்லை, அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ருசி பார்க்காமலேயே நன்றாக இருக்கிறது என்று சொல்கிற சமையல்காரரை நம்பி ஒரு சமையலறையை ஒப்படைக்க முடியாது. தேறவில்லை என்று எழுதிவிட்டார். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு, அதுவும் போனால் சித்திரைக்குள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கோயில் கமிட்டியிலிருந்து போன் வந்தது.

அடுத்த சில நாள் மணவாளன் வகுப்பை எட்டிப் பார்க்கவில்லை. ஆரிஃபா செந்தமிழனின் ஆட்டோவில் ஏறி அவர் வீட்டுக்கே போய்விட்டாள். மணவாளனின் மனைவி கோமளவல்லி கதவைத் திறந்தாள். அவர் கூடத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆரிஃபா ஆறுதல் சொல்ல ஆரம்பித்தாள், இன்னொரு தடவை பார்த்துக்கலாம், இங்கிலீஷ் நல்லாவே வந்துச்சு என்று என்னென்னமோ. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"தேறலைங்கறது பரவாயில்லை டீச்சர். அடுப்படியில நின்னுண்டு பொய் சொல்லிட்டேன். அங்க நின்னு நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை."

ஆரிஃபாவுக்கு முகம் சுருங்கிப்போனது. வாய் அவருடையது, பொய் அவளுடையது. 'சும்மா வாக்கியம்தான்' என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வார்த்தையை வாயில் வைத்தால் அதற்கு ஒரு கனம் உண்டு என்று நினைக்கிற ஓர் ஆள் வந்து அகப்பட்டபோது, அவரையே குழியில் தள்ளிவிட்டாள். "தப்பு என்னுதுதான் சார்" என்றாள்.

இந்தச் சமயத்தில் கோமளவல்லி ஒரு கிண்ணத்தில் தயிர்சாதம் கொண்டுவந்து வைத்தாள். ஆரிஃபா தயங்கினாள். "கோச்சுக்காதீங்க மாமி, நாங்க படைச்சதைச் சாப்பிடுறதில்லை" என்றாள் மெதுவாக. கோமளவல்லி சற்றும் அசரவில்லை. "அதுக்கென்ன, உள்ள படைக்காதது இருக்கு, கொண்டு வரேன்" என்று திரும்பினாள். மணவாளனின் கை தானாக எழுந்து அவளைத் தடுத்தது. படைப்பதற்கு முன்னால் யாரும் வாயில் வைக்க அவருக்குச் சம்மதமில்லை. படைத்த பிறகு ஆரிஃபாவுக்குச் சம்மதமில்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது மணவாளன்தான். கடைசியில் தோல் உரிக்காத வாழைப்பழம் ஒன்று வந்தது, அதற்கு யாரும் ஆட்சேபணை சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பாடம் அந்த வீட்டுக் கூடத்தில் நடந்தது. மனப்பாடம் கிடையாது. அவர் உள்ளே சமைப்பார், அவள் கூடத்தில் உட்கார்ந்து, "இப்ப என்ன சார் தெரியுது?" என்று கேட்பாள். அவருக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். பருப்பு வறுபடும் சத்தம் மாறியதும், "இட் சவுண்ட்ஸ் ரெடி" என்பார். அரிசியைக் கழுவிவிட்டு, "இட் ஃபீல்ஸ் ஓல்ட்" என்பார், பழைய அரிசி என்று அர்த்தம். மனுஷர் நிஜத்தைச் சொல்லும்போது அவர் இங்கிலீஷுக்குக் கூச்சமே இல்லை என்பதை ஆரிஃபா கண்டுபிடித்தாள். இவ்வளவு நாளாக வகுப்பில் எதற்குக் கத்திக்கொண்டிருந்தோம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

வகுப்பிலும் சட்டம் மாறியது. செந்தமிழன் வழக்கம்போல எழுந்து மனைவியின் அழகைப் பற்றி ஆரம்பித்தான்.

"யாரு அந்த ஒய்ஃப்?" என்றாள் ஆரிஃபா.

"டீச்சர், நீங்கதானே பொய்யா இருந்தாலும் பரவாயில்லைன்னு..."

"இனிமே பரவாயில்லை இல்லை. உங்ககிட்ட என்ன இருக்கோ அதைப் பத்திச் சொல்லுங்க."

செந்தமிழன் வெகுநேரம் யோசித்தான். "மை ஆட்டோ சவுண்ட்ஸ் டயர்ட்" என்றான். அவன் இதுவரை சொன்னதிலேயே அதுதான் நல்ல வாக்கியம்.

எல்லாம் சரி, ஆனால் டேஸ்ட்? அந்த இடத்துக்கு வந்தால் மணவாளன் வாய் ஒட்டிக்கொண்டுவிடும். தேர்வில் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள். ருசி பார்த்து, குறை இருந்தால் சரிசெய்து காட்ட வேண்டும், அதற்குத்தான் பாதி மதிப்பெண். "இந்த ஒரு தடவை மட்டும் சார், பெருமாளுக்குன்னு நினைக்காம தேர்வுக்குன்னு நினைச்சுப் பண்ணுங்களேன்" என்று ஆரிஃபா கேட்டும் பார்த்தாள். "இருக்கறது ஒரு அடுப்புதானே டீச்சர்" என்றார் அவர். அதற்கு மேல் வற்புறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு தடவை வற்புறுத்திய லட்சணம்தான் தெரியுமே.

ரமலான் பிறந்தது. நோன்போடு பஸ்ஸில் வருவதும் போவதும் ஆரிஃபாவுக்குப் பழகிப்போனதுதான். அன்றைக்கு ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பு இல்லை. பள்ளிவாசல் கஞ்சிக்காகக் காத்திராமல் வீட்டிலேயே காய்ச்சினாள். அரிசி, பாசிப்பருப்பு, கொஞ்சம் கறி, வெந்தயம், தேங்காய்ப்பால் எல்லாம் போட்டு, நாக்கில் வைத்துப் பார்க்காமல் இறக்கினாள். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு உஸாமா கஞ்சியை எடுத்துக் குடித்தான்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"உப்பு?"

"ம், இருக்கு."

ஆரிஃபா ஒரு வாய் குடித்தாள். உப்பு பேருக்குக்கூட இல்லை. கணவனைப் பார்த்தாள். அவன் பாத்திரத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க இப்படிப் பொய் சொல்றீங்க?"

"நாள் முழுக்கப் பச்சைத் தண்ணி பல்லுல படாம நின்னு காய்ச்சியிருக்கே. உப்பு இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை, ஆரிஃபா."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வந்து இரண்டு பேர் கஞ்சியிலும் போட்டுக் கலக்கினாள். இன்னொரு வாய் குடித்தாள். இப்போது சரியாக இருந்தது. அப்படியே கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். காய்ச்சும்போது அவளும்தான் ருசி பார்க்கவில்லை. நோன்பு துறந்த பிறகு பார்த்தாள், குறை தெரிந்தது, சரிசெய்தாள். யாருக்கு என்ன குறைந்துபோனது? கஞ்சி ஆறுவதற்குள் மணவாளனுக்குப் போன் போட்டாள்.

"சார், படைச்சதுக்கு அப்புறம் ருசி பார்க்கலாம் இல்லையா?"

"பிரசாதமாச்சே, பேஷாப் பார்க்கலாம்."

"அப்ப உப்புக் குறைஞ்சிருந்தா போட்டுக்கலாமா?"

"மனுஷா சாப்பிடறதுக்குத்தானே, போட்டுக்கலாம். அதுல ஒண்ணும் தோஷமில்லை."

"அப்ப அதையே பண்ணுங்க சார். நடுவுல அவரைக் காத்திருக்கச் சொல்லிட்டு, படைச்சுட்டு வந்து, நிஜமா என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க. நான் ஒரு வாக்கியமும் தரப்போறதில்லை."

"சரி டீச்சர்" என்றார்.

இரண்டாவது தேர்வு அந்த ரமலானிலேயே ஒரு காலை நேரம். பக்கத்தில் யாரும் நின்று எடுத்துக்கொடுக்கக் கூடாது என்பது விதி. ஆகவே ஆரிஃபா கோமளவல்லியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அடுப்படியில் போனைத் தாங்கியில் நிறுத்திவிட்டு மணவாளன் வெண்பொங்கல் செய்தார். நெய் காய்வது, மிளகு பொரிவது, அரிசி குழைவது என்று அவர் குரல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவது கூடத்துக்குக் கேட்டது. ஒன்றிரண்டு இடத்தில் தடுக்கியது. ஆரிஃபா தன் கைக்குட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. ஹௌ டஸ் இட் டேஸ்ட்?

"ஐ டோன்ட் நோ சார்" என்றார் மணவாளன்.

கோமளவல்லி ஆரிஃபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் மணவாளன், போன தடவை பொய் சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும், நான் சமைப்பதை முதலில் கடவுளுக்குக் கொடுப்பேன், பிறகுதான் நான் சாப்பிடுவேன், தயவுசெய்து ஐந்து நிமிஷம் காத்திருங்கள் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். நாலைந்து இடத்தில் இலக்கணம் உதைத்தது. ஆரிஃபாவுக்கு அது ஒன்றும் காதில் விழவில்லை. வெள்ளைக்காரரின் குரல் நிதானமாக வந்தது: காத்திருக்கிறேன், நான் போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வருகிறேன்.

பெருமாள் அலமாரியின் முன் மணிச் சத்தம் கேட்டது. ஆரிஃபா கண்ணை மூடிக்கொண்டு தனக்குத் தெரிந்தபடி துஆ கேட்டாள். மணி நின்றது. கரண்டி பாத்திரத்தில் படும் சத்தம். முப்பது வருஷமாகப் பொங்கல் வைக்கிற மனுஷர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அந்நிய நாட்டுத் தேர்வாளரிடம் சொன்னார்:

"சார், சால்ட் இஸ் லெஸ்."

"ஐயையோ" என்றாள் கோமளவல்லி வாய்க்குள்.

"சரி, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டது போன். மணவாளன் கொதிக்கிற தண்ணீரில் உப்பைக் கரைத்து, நெய்யோடு சேர்த்துப் பொங்கலில் விட்டுக் கிளறினார். மறுபடி ஒரு வாய். அவசரப்படவில்லை. "நவ் இட் டேஸ்ட்ஸ் ரைட்" என்றார். மூன்றாவது வாக்கியம் அவர் வாயிலிருந்து ஒருவழியாக வந்துவிட்டது. ஆரிஃபா இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் வாயில் அதைக் கேட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

தேறிவிட்டார் என்ற செய்தி அடுத்த வாரம் வந்தது. செந்தமிழன் வகுப்புக்கே ஆரஞ்சு மிட்டாய் வாங்கினான். அன்று மாலை மணவாளனும் கோமளவல்லியும் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு மாடியேறி வந்தார்கள். நோன்பு துறக்க நேரம் நெருங்கியிருந்தது, ஆரிஃபாவை அழைத்துப்போக உஸாமாவும் பைக்கில் வந்து பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு நின்றான். மணவாளன் பாத்திரத்தை மேஜைமேல் வைத்தார். திறக்கும்போதே நெய்யும் ஏலமும் அறை முழுக்க மணத்தன. அக்காரவடிசல்.

ஆரிஃபா சங்கடத்தோடு அவரைப் பார்த்தாள். "சார், நான்..."

"தெரியும் டீச்சர். படைக்கலை."

அவளுக்குப் புரியவில்லை. கோமளவல்லிதான் சொன்னாள். "கார்த்தாலேர்ந்து கொல்லையில செங்கல்லைக் கூட்டி, புதுப் பானை வாங்கிண்டு வந்து, தனியா அடுப்பு மூட்டிப் பண்ணினார். நான் கேட்டதுக்கு, நம்ம அடுப்புல பண்ணினா அது பெருமாளுக்குன்னு ஆயிடும், இது அவருக்கில்லைன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நம்மாத்துல மனுஷாளுக்குன்னு மட்டும் இவர் ஒண்ணு பண்ணி நான் பார்த்ததில்லை."

"அவர் கோச்சுக்க மாட்டார்" என்றார் மணவாளன், தரையைப் பார்த்துக்கொண்டே. "காலம்பற பெருமாள்கிட்ட சொல்லிட்டுத்தான் பண்ணினேன். இதை அவரும் ருசி பார்க்கலை, நானும் பார்க்கலை, யாரும் பார்க்கலை. முதல்ல நீங்க."

ஆரிஃபா உஸாமாவைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேரீச்சம்பழப் பொட்டலத்தை ஏதோ பெரிய வேலை மாதிரிப் பிரித்துக்கொண்டிருந்தான். போனில் பாங்கு ஒலித்தது. அவள் பழத்தைக் கடித்து, தண்ணீர் குடித்து, பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். மின்விசிறி மட்டும் முனகியது.

மணவாளன் கை கட்டி நின்றார். தேர்வில் நின்றதைவிடப் பயத்தோடு நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேள்வியைத் தானே கேட்டார்.

"ஹௌ டஸ் இட் டேஸ்ட், டீச்சர்?"

ஊருக்கெல்லாம் வாக்கியம் எடுத்துக்கொடுத்தவளுக்கு அப்போது ஒன்றும் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியை மறுபடி பாத்திரத்துக்குள் விட்டாள்.

"இருங்க சார்" என்றாள். "இன்னொரு வாய் சாப்பிட்டுட்டு நிஜமாச் சொல்றேன்."